சிங்கத்துக்கு எண்ணெய் போடக் கூடாது

1958-ஆம் வருஷம் வேலூரில் கூடாரம் அடித்திருந்த ஒரு சர்க்கஸ் கம்பெனியில் திங்கட்கிழமை ஒரு சிங்கமும் செவ்வாய்க்கிழமை ஒரு புலியும் செத்துப்போயின. இரண்டும் கிழம். இரண்டுக்கும் பல் இல்லை. எரிப்பதற்கு விறகும் புதைப்பதற்கு இடமும் கம்பெனியிடம் இல்லாததால், சர்க்கஸ் முதலாளி ‘தேசத்தின் அறிவு வளர்ச்சிக்காக’ என்று ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு பிரேதங்களையும் சர்க்காருக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை காலையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு சித்தூர்ப் பக்கம் போய்விட்டார். அவர் புத்திசாலி. இந்தக் கதையில் அவர் ஒருவர்தான் தப்பித்தவர்.

நன்கொடையைப் பெற்றுக்கொண்டது வட ஆற்காடு ஜில்லா இயற்கைச் செல்வக் காட்சிசாலை அமைப்பு அலுவலகம். அது ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஸ்பெஷல் ஆபீசர், ஒரு குமாஸ்தா, நான்கு பியூன்கள், பெருக்குவதற்கு ஓர் அம்மாள், ஒன்பது ரப்பர் ஸ்டாம்புகள், இவ்வளவும் இருந்தன. காட்சிக்கு வைக்கப் பொருள் மட்டும் இல்லை. ஆகவே செத்த மிருகங்கள் வந்து சேர்ந்த அன்று ஆபீசில் ஒரு கல்யாணக் களை கட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

ஸ்பெஷல் ஆபீசர் செங்கல்வராயன், பி.ஏ., அதற்கு முன் மதுவிலக்கு இலாகாவில் இருந்தவர். எதையும் முகர்ந்து பார்த்து முடிவு சொல்லிப் பழகியவர். சிங்கத்தையும் புலியையும் முகர்ந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே, “தோலை மட்டும் உரித்துப் பதனிட அனுப்புங்கள்” என்று உத்தரவிட்டார். முனிசிபல் ஆட்கள் உரித்தார்கள், உப்புத் தடவினார்கள், எது எது என்று குழம்பாமல் இருக்க வாலுக்கொரு தகரச் சீட்டைக் கட்டினார்கள். பிறகு முடி உள்பக்கம் இருக்கும்படி மடித்து, சாக்கில் சுற்றி, ஆம்பூரில் அப்துல் சமத் சாயபுவின் தோல் ஷாப்புக்கு லாரியில் ஏற்றினார்கள். கூடவே ஒரு அச்சடித்த பாரமும் போயிற்று.

இனி தனகோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமத் சாயபுவின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி அவன். பதினெட்டு வயதில் குழியில் இறங்கியவன், நாற்பது வயதில்தான் மேலே ஏறி மேஸ்திரி ஆனான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் காலும் கையும் சுண்ணாம்பில் வெந்து வெளுத்துவிட்டன. ஆனால் விரல்கள் மட்டும் படித்த விரல்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவினால் அது எருமையா பசுவா, சினையாக இருந்ததா, எந்தத் தோளில் நுகத்தடி அழுத்தியது என்று சொல்லிவிடுவான். மேஸ்திரி வேலை போனால் இந்தப் பக்கத்தில் எந்த ஷாப்பிலும் அவனை மறுபடி குழியில்கூட இறக்க மாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி கமலத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சாக்கை அவிழ்த்ததும் தனகோடிக்குத் திக்கென்றது. ஒன்றில் பிடரி மயிர், இன்னொன்றில் வரி வரியாகக் கோடு. பாரத்தில் ‘பெரிய தோல் - 2. ரோமம் நீக்கி, ஆவாரம்பட்டையில் முறைப்படி பதனிட்டு அனுப்பவும்’ என்று அச்சாகியிருந்தது. மாட்டுத் தோலுக்காக வேறு ஏதோ இலாகா போட்ட பாரம் அது என்பது அவனுக்கே புரிந்தது. சாயபுவிடம் காட்டினான்.

சாயபு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “முடியை எடுத்துட்டா அப்புறம் இன்னா இருக்குது இதுல? தனகோடி, நீயே வேலூருக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு. சர்க்கார் சாமான், பேஜார் வேணாம்.”

தனகோடி ரயிலேறிப் போனான். குமாஸ்தா லோகநாதன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டான்.

“சார், அது சிங்கம் புலி சார். முடியோடதானே வேணும் உங்களுக்கு?”

“பாரத்துல இன்னா போட்டிருக்குது?”

“ரோமம் நீக்கின்னு போட்டிருக்குது சார்.”

“அப்போ நீக்கு.”

“மாட்டுத் தோல் பாரம் சார் அது.”

“யோவ், சிங்கத்துக்குன்னு தனியா பாரம் அடிக்கணும்னா மெட்ராஸ்லருந்து உத்தரவு வரணும். அது வர்றதுக்குள்ள உன் சிங்கம் புழு வெச்சுடும். பாரத்துல உள்ளபடி செய்.”

“அத ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா…”

“நான் வாயால சொல்றேன், போதாதா? என் வாயி சர்க்கார் வாயிதானே.”

தனகோடி திரும்பி வந்தான். இரண்டு தோல்களும் சுண்ணாம்புக் குழிக்குள் போயின. பத்து நாள் கழித்து முடி வழித்துக்கொண்டு வந்தது. இதுவரை நடந்தது ஆபீசின் தப்பு. அடுத்தது தோல் ஷாப்பின் தப்பு. அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. முடி போன தோல் எதுவானாலும் அதன் வால், கால், முகத் தோல் மூன்றையும் வெட்டித் தனியே போடுவது அங்கே வழக்கம். வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர் வாரம் ஒருமுறை வந்து அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போவார். யாரும் சொல்லாமலே, யாரும் யோசிக்காமலே, கத்திகள் அந்த வேலையைச் செய்துவிட்டன. வாலோடு தகரச் சீட்டும் போயிற்று. தனகோடி அன்று சாப்பாட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, கடுக்காய் போட்டு, இரண்டும் பழுப்பாகப் பதமாகி வந்தன. எண்ணெய் போடுகிற வேலை ஒன்றுதான் பாக்கி. அதற்குள் செங்கல்வராயன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு மொட்டைத் தோல்களையும் அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முகர்ந்தார். “சிங்கம் எங்கே?” என்றார்.

“இதான் சார்,” என்று தனகோடி ஒன்றைத் தொட்டான்.

“எப்படித் தெரியும்?”

“தடவினா தெரியும் சார். பிடரி இருந்த எடத்துல முடிக்கால் பெருசு பெருசா இருக்குது பாருங்க, தோலும் அங்க தடிப்பு. அது இன்னொண்ணுல இல்ல.”

செங்கல்வராயன் மோதிர விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் விரலுக்குப் புலப்படாத வித்தியாசம்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு தோல்களையும் எண்ணெய் போடவிடாமல் அப்படியே சாட்சிப் பொருள் என்று பறிமுதல் செய்து ஜீப்பில் போட்டார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. அரசாங்கத்துக்குச் சொந்தமான பிடரி ஒன்று, வரிகள் (எண்ணிக்கை தெரியவில்லை), வால் இரண்டு, முகம் இரண்டு, பாதங்கள் எட்டு ஆகியவற்றை அழித்த குற்றத்துக்கு மேஸ்திரி தனகோடி ஏன் போலீசில் ஒப்படைக்கப்படக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. முப்பது நாளுக்குள் எது சிங்கம் எது புலி என்று நிர்ணயம் ஆகாவிட்டால் வழக்குப் போடப்படும். அந்த மேஸ்திரியை வேலையில் வைத்திருக்கும் தோல் ஷாப்பும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படும்.

“நான்தான் சொன்னேனே, எது எதுன்னு,” என்றான் தனகோடி சாயபுவிடம்.

“நீ சொன்னா அது சொல்லுறது. அவுங்க சொன்னாத்தான் நிர்ணயம்,” என்றார் சாயபு. அவர் நாற்பது வருஷம் சர்க்காரோடு பழகியவர்.

நிர்ணயம் செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் செங்கல்வராயன். நிபுணர், ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளரான வீரபாகு. காரியதரிசி லோகநாதன். சாட்சி, தனகோடி. வீரபாகு பன்னிரண்டு வருஷமாகத் தவளையும் கரப்பான் பூச்சியும் மட்டுமே அறுத்துக் காட்டியவர். சிங்கத்தை அவர் பார்த்தது தீப்பெட்டிப் படத்தில். ஆனால் படிப்பாளி. முதல் கூட்டத்திலேயே இருபத்திரண்டு வரிசைகள் கொண்ட ஓர் ஒப்புநோக்குப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு வந்து, எழுந்து நின்று வாசித்தார்.

“சிங்கத்துக்குப் பிடரி உண்டு, புலிக்குக் கிடையாது. புலிக்கு வரி உண்டு, சிங்கத்துக்குக் கிடையாது. சிங்கத்தின் வால் நுனியில் குஞ்சம் உண்டு. புலி நீளத்தில் சற்று அதிகம், எடையிலும் அதிகம். சிங்கம் தோள் உயரத்தில் சற்று மேல். சிங்கத்தின் கர்ஜனை ஐந்து மைல் கேட்கும், புலியின் உறுமல் இரண்டு மைல். சிங்கம் கூட்டமாக வாழும், புலி தனியாக வாழும். புலி நன்றாக நீந்தும், சிங்கத்துக்குத் தண்ணீர் பிடிக்காது. இந்தப் பட்டியலின்படி இரண்டு தோல்களையும் விஞ்ஞான முறையில் பரிசோதித்தால் உண்மை வெளிப்பட்டே தீரும்.”

“இது எல்லாம் உசுரோட இருக்கறதுக்குத்தானே சார்,” என்றான் தனகோடி.

“சாட்சி குறுக்கே பேசக் கூடாது,” என்றார் செங்கல்வராயன்.

தோல்களுக்கு முதலில் நம்பர் கொடுத்தார்கள். முதலில் மடிப்புப் பிரிக்கப்பட்டது நம்பர் ஒன்று, அடுத்தது நம்பர் இரண்டு. நம்பர் ஒன்று புலி என்பதைத் தனகோடி பார்த்தவுடனே தெரிந்துகொண்டான். சொல்லவில்லை. குறுக்கே பேசக் கூடாதே.

பிடரி, வரி, குஞ்சம் ஆகிய மூன்று வரிசைகளிலும் ‘இல்லை, இல்லை’ என்று எழுதினார்கள். நீளம் அளக்க இரண்டு பியூன்கள் தோலை இரு முனையிலும் பிடித்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அளந்ததில் நம்பர் ஒன்று நான்கு அங்குலம் அதிகம். சாப்பாட்டுக்குப் பின் அளந்ததில் நம்பர் இரண்டு ஆறு அங்குலம் அதிகம். பியூன்கள் தெம்பாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“இழுத்தா எல்லாத் தோலும் நீளும் சார்,” என்றான் தனகோடி. இது குறிப்பில் ஏறவில்லை.

தோள் உயரத்துக்குத் தோலை நிற்க வைக்க வேண்டியிருந்தது. ஒரு மேசை மேல் நம்பர் ஒன்றைப் போர்த்தி அளந்தார்கள். இரண்டுக்கும் ஒரே மேசை என்பதால் இரண்டும் ஒரே உயரமாக வந்தன. கர்ஜனை என்ற வரிசையில் லோகநாதன் நேர்மையாக ‘கேட்கவில்லை’ என்று எழுதினான். கூட்டமாக வாழ்கிறதா என்பதை அறிய இரண்டு தோல்களையும் ஓர் அறையில் ஒரு வாரம் பூட்டிவைத்து, ஜன்னல் வழியாகக் கவனிக்க ஒரு பியூனைப் போட்டார்கள். ஏழு நாளும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தே இருந்தன என்று அவன் அறிக்கை கொடுத்தான். இரண்டும் சிங்கமாக இருக்கலாமோ என்று வீரபாகுவுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

செங்கல்வராயன் மனம் தளரவில்லை. மேசையிலிருந்த சர்க்கார் காகிதத்தை எடுத்து, அதன் தலையில் இருந்த முத்திரைச் சிங்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நம்பர் ஒன்றைப் பார்த்தார். மறுபடி முத்திரையைப் பார்த்தார்.

“முத்திரையில் பின்பக்கம் இல்லை,” என்று கடைசியில் வருத்தத்தோடு சொன்னார். “நம்மிடம் முன்பக்கம் இல்லை.”

தனகோடிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கைகட்டி நின்றான். “சார், கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு வழி இருக்குது. கறுப்பு மாட்டுத் தோலுல முடி போன பொறவும் முடிக்கால்ல கறை தங்கி நிக்கும். காய்ஞ்சா தெரியாது. பச்சத் தண்ணி பட்டாலும் தெரியாது. புங்க எண்ணெய் போட்டு ஒரு நாள் வெய்யில்ல வெச்சா அப்படியே மேல வரும். புலிக்கும் அதேதான். ரெண்டுக்கும் எண்ணெய் போடுங்க. நாளைக்கு எது புலின்னு அதுவே சொல்லிடும்.”

யோசனை நல்லதாக இருந்தது. அதுதான் சங்கடம்.

“எண்ணெய் என்பது பட்டியலில் இல்லையே,” என்றார் வீரபாகு.

“இருபத்திரண்டு வரிசைக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கிறது,” என்றான் லோகநாதன்.

“ஒரு தோல் ஷாப்பு மேஸ்திரி சொல்லி, ஒரு புலி தானாகவே தன்னைப் புலி என்று காட்டிக்கொள்வதானால், கமிட்டி எதற்கு?” என்றார் செங்கல்வராயன். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

கடைசிச் சோதனை நீச்சல். வேலூர்க் கோட்டை அகழியில் நடந்தது. ஊரே கூடிவிட்டது. வேர்க்கடலை விற்றவர்களுக்கு அன்று நல்ல வியாபாரம். கமிட்டி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பியூன்கள் இரண்டு தோல்களையும் தண்ணீரில் விட்டார்கள். நம்பர் இரண்டு நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நம்பர் ஒன்றைக் காற்றுத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்க் கரையில் சேர்த்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

வீரபாகு துள்ளி எழுந்தார். “நீந்தியது. நம்பர் ஒன்று புலி.”

தனகோடிக்கு உயிர் வந்தது. காற்றாவது ஞாயம் பேசிற்றே என்று நினைத்தான். இருபத்து மூன்று நாள் தூங்காத கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

செங்கல்வராயன் மட்டும் எழுந்திருக்கவில்லை. “மிஸ்டர் வீரபாகு, உட்காருங்கள். நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். நம் அரசாங்க முத்திரையில் இருப்பது எந்த மிருகம்?”

“சிங்கம்.”

“அந்தச் சிங்கத்துக்கு நம் ஆபீஸ் கோப்பில் நம்பர் இரண்டு கொடுத்தால், நாளை மந்திரி கேட்டால், நான் என்ன சொல்வேன்? சிங்கத்துக்கு மேலே ஒரு புலியை வைத்திருக்கிறோம் என்றா? என் சர்வீசில் நான் எத்தனையோ கள்ளச்சாராயத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட மேலதிகாரிக்கு முன்னால் கீழதிகாரியின் பெயரை எழுதியதில்லை. நம்பர் ஒன்று சிங்கமாக இருந்தே ஆக வேண்டும். அது நீந்தியிருந்தால், நீந்தத் தெரிந்த சிங்கம். ஒரு தேசியப் பிராணிக்கு நீந்தத் தெரிவதில் உங்களுக்கு என்ன ஆட்சேபணை?”

வீரபாகுவுக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்குப் பதவி உயர்வுக் காகிதம் அதே மெட்ராசில் எங்கோ நிலுவையில் இருந்தது. கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. நம்பர் ஒன்று சிங்கம், நம்பர் இரண்டு புலி. சாட்சியான தனகோடி, ‘மேற்படி நிர்ணயம் சரியே’ என்று கையெழுத்துப் போட்டால் அவன் மேல் உள்ள குற்றம் விலக்கிக்கொள்ளப்படும். போடாவிட்டால் போலீஸ்.

தனகோடி வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. கமலம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“இன்னாங்க, எது எதுன்னு வெச்சா உனுக்கு இன்னா? ரெண்டும் செத்ததுதானே?”

“அது புலி கமலம். நான் தொட்டுப் பாத்தேன். புலிய சிங்கம்னு எழுதி நான் கையெழுத்துப் போடணுமா? நாளைக்கு ஒரு தோலத் தொட்டு இது எருமன்னா எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்.”

“உன் கை இன்னா சொல்லுதோ அத உன் கையே வெச்சுக்கட்டும். நீ ஜெயிலுக்குப் போய்ட்டா இந்தப் பீடியச் சுத்தி நான் எத்தினி நாளு ஓட்டறது?”

அவள் சொன்னதிலும் தப்பில்லை. மறுநாள் சாயபுவும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்கும் கறுப்புப் பட்டியல் கவலை. ஆனாலும் ‘கையெழுத்துப் போடு’ என்று அவர் வாயில் வரவில்லை.

“உன் கை பொய் சொல்லாது தனகோடி. எனக்குத் தெரியும். நான் உன்னை வேலைய விட்டு நிறுத்தமாட்டேன். ஷாப்பை அவுங்க நிறுத்தினா நிறுத்தட்டும்,” என்றார். இருநூறு பேர் வேலை செய்கிற ஷாப்பு அது. தனகோடிக்கு அதைக் கேட்டபின்தான் மனசு மாறியது.

வேலூருக்குப் போனான். காகிதத்தை வாங்கிப் படித்தான். “போடறேன் சார். அடியில ஒரே ஒரு வரி எழுதிக்கட்டா?”

“என்ன வரி?”

“தொழில் சம்பந்தமா சார்.”

“தொழில்நுட்பக் குறிப்பா? தாராளமாக. கோப்புக்கு ஒரு கனம் வரும்,” என்றார் செங்கல்வராயன்.

தனகோடி கையெழுத்துப் போட்டு, அதன் கீழே குண்டு குண்டாக எழுதினான்: ‘இந்தச் சிங்கத்துக்கு எண்ணெய் போடக் கூடாது.’

அதன்பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. நம்பர் ஒன்றுக்குத் தேங்காய் நாரில் பிடரி செய்து தைத்தார்கள். நம்பர் இரண்டுக்கு வரி போட சைன்போர்டு எழுதுகிறவர் வந்தார். எத்தனை வரி என்று கேட்டார். நாற்பத்தெட்டு, பக்கத்துக்கு இருபத்து நான்கு, ஏற்றத்தாழ்வு கூடாது என்று உத்தரவாயிற்று. அவர் ஸ்கேல் வைத்துப் போட்டார். கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல அமைந்தது அந்தப் புலி.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாகத் தேதி குறித்தாகிவிட்டது. முந்தின நாள் காலையில் செங்கல்வராயன் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். பெயிண்ட் அடித்த புலி பளபளவென்று இருந்தது. சிங்கம் வறண்டு சோகை பிடித்துத் தொங்கியது.

“இது என்ன, முத்திரைப் பிராணி இப்படிச் சீக்காளியாக நிற்கிறது? எண்ணெய் போடுங்கள்.”

லோகநாதன் கோப்பைப் புரட்டினான். “சார், எண்ணெய் போடக் கூடாதுன்னு மேஸ்திரி குறிப்பு இருக்குது.”

“ஒரு தொழிலாளியின் குறிப்பு ஸ்பெஷல் ஆபீசரைக் கட்டுப்படுத்தாது. புலிக்கு வேண்டாம், சிங்கத்துக்கு மட்டும். எழுத்து மூலமாகவே உத்தரவு கொடுக்கிறேன்.” கொடுத்தார். நம்பர் போட்டு, ஸ்டாம்பு குத்தி, கையெழுத்தும் போட்டார். பியூன்கள் இரண்டு பாட்டில் புங்க எண்ணெயைச் சிங்கத்தின் மேல் தேய்த்து வெய்யிலில் வைத்தார்கள்.

மறுநாள் பந்தலில் கூட்டம் நெரிந்தது. தனகோடியும் சாயபுவும் கடைசி வரிசையில் நின்றார்கள். வந்தே தீரவேண்டும் என்று உத்தரவு. செங்கல்வராயன் பேசினார்.

“நம் ஜில்லாவில் இதுவரை சிங்கம் கிடையாது. ஆபீசின் மூன்று வருஷத் தளராத உழைப்பால் இன்று ஒன்று இருக்கிறது. சிங்கத்தையும் புலியையும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சாமானியர்களால் ஆகாத காரியம். இருபத்திரண்டு வரிசைகளில், விஞ்ஞான பூர்வமாக, எந்த வெளி மனிதரின் உதவியும் இல்லாமல்…”

மந்திரி நாடாவை வெட்டினார். திரை விலகியது.

தேங்காய் நார்ப் பிடரிக்குக் கீழே, முதுகிலிருந்து வயிறு வரை, வளைந்தும் நெளிந்தும் கறுப்பு வரிகள் ஓடின. எண்ணெயில் ஊறி, வெய்யிலில் காய்ந்து, ஒன்றுவிடாமல் மேலே வந்திருந்தன. பக்கத்தில் ஸ்கேல் போட்ட புலி அதற்கு எதிரே நிற்கவே கூச்சப்பட்டது.

ஆபீஸ் பெருக்குகிற மரியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஐயா, சிங்கத்துக்கு வரி வந்திருக்குது.”

மந்திரி செங்கல்வராயனைப் பார்த்தார். செங்கல்வராயன் வேர்த்துக் கொட்டியபடி கைகூப்பினார். “வந்துதான் இருக்கிறது ஐயா. நேற்றுவரை இல்லை. இது நீந்தக்கூடிய வகைச் சிங்கம். வரியும் வரலாம் என்று கமிட்டி… அதாவது கமிட்டி அதை மறுக்கவில்லை.”

மந்திரி பழுத்த அரசியல்வாதி. பெயர்ப் பலகையைப் படித்தார், பிடரியைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பிடித்தார். “சிங்கமும் புலியும் ஓருடலாக நிற்கும் இந்தக் காட்சி நம் தேச ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு,” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாயபு மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார்.

மூன்றாம் நாள் தனகோடிக்கு மறுபடியும் மெமோ வந்தது. ‘உம்மால் சிங்கம் என்று கையொப்பமிடப்பட்ட பொருளின் மேல் வரிகள் ஏற்பட்ட காரணத்தையும், அவ்வரிகளைப் போட்டது யார் என்பதையும் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது. தவறினால் வேலையிலிருந்து நீக்கவும் வழக்குத் தொடரவும் சிபாரிசு செய்யப்படும்.’

கமலம் அதைக் கேட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள். தனகோடி அழவில்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அடைத்திருந்த நெஞ்சு, பந்தலில் அந்த வரிகளைப் பார்த்தபோதே லேசாகிவிட்டது. ஒரு தாளை எடுத்து இரண்டே வாக்கியம் எழுதினான். ‘எண்ணெய் போடக் கூடாது என்று நான் எழுதியது கோப்பில் உள்ளது. வரி போட்டது நான் இல்லை, கடவுள்; காரணத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும்.’

லோகநாதன் அதை இரண்டு தடவை படித்தான். எண்ணெய் என்ற வார்த்தையைத் தொடர்ந்து போனால் ஸ்பெஷல் ஆபீசரின் சொந்த உத்தரவில் போய் முட்டும். ஆகவே இரண்டாவது வாக்கியத்தைத் தொடர்வது என்று முடிவாயிற்று. விதியும் அதற்கு இடம் கொடுத்தது. ஒருவர் தம் விளக்கத்தில் இன்னொருவரைக் குறிப்பிட்டால், அந்த இன்னொருவருக்கும் மெமோ அனுப்பி விளக்கம் பெற வேண்டும். அது கிடைக்கும்வரை முதல் நபரின் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கலாகாது. அவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது.

கடவுளுக்கு மெமோ டைப் ஆயிற்று. விலாசம் தெரியாதவர்களுக்கு உள்ள வழக்கப்படி ஒரு பிரதியை ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஏழு நாளில் பதில் வரவில்லை. ஞாபகமூட்டல் ஒன்று போயிற்று. பிறகு இன்னொன்று. செங்கல்வராயன் பதவி உயர்வு பெற்று மெட்ராசுக்குப் போனார். வீரபாகுவுக்கும் காகிதம் வந்தது. கோப்பு மட்டும் நகரவில்லை. ‘பதில் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று வருஷத்துக்கு ஒருமுறை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. தனகோடி இன்னும் சமத் சாயபுவின் ஷாப்பில் மேஸ்திரிதான். சாயபுவே நினைத்தாலும் அவனை நீக்க முடியாது. சர்க்கார் உத்தரவு இருக்கிறது. அவன் விரல்கள் இன்னும் பொய் சொல்வதில்லை.

கமலம் மட்டும் ஆடி மாசம் கெங்கையம்மன் கோயிலுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போகும்போது, மற்றவர்கள் எல்லாம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க, இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொள்கிறாள்.

“அம்மா, அந்தக் காயிதத்துக்கு மட்டும் பதில் போட்டுடாத.”